‘நுழைவு உட்பட’ என்று போட்டிருந்தால் எதற்குள் நுழைவு என்று கேளுங்கள்

பாரீஸிலிருந்து ஒரே நாளில் மூன்று ஷாத்தோ (அரண்மனை), ஷாம்போர் நுழைவு உட்பட, தலைக்கு 145 யூரோ. வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த இந்த விளம்பரத்தை நம்பி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜூன் மாதம் போனேன். மூன்று பேருக்கு 435 யூரோ, முழுப் பணமும் முன்கூட்டியே. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்க்க ஆசைப்பட்டது ஈபிள் கோபுரம்கூட இல்லை, ஷாம்போர் அரண்மனையின் நடுவில் இருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டுதான். ஒரே அச்சைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள் பின்னிக்கொண்டு ஏறும். ஒன்றில் ஏறுபவரும் மற்றதில் இறங்குபவரும் நடுவிலுள்ள திறப்புகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எதிர்ப்பட மாட்டார்கள். “சண்டை போட்ட நாளுக்கு நல்ல படிக்கட்டு” என்றார் அம்மா. விளம்பரத்தின் முதல் படமே அந்தப் படிக்கட்டுதான்.

காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. நாங்கள் மூன்று பேர், வேறு ஐந்து பேர். முதல் நிறுத்தம் அரண்மனை இல்லை, வூவ்ரேயில் ஒரு ஒயின் குகை. நிகழ்ச்சி நிரலில் ‘சிறு இடைவேளை’ என்று இருந்தது, ஆனது ஒன்றேகால் மணி நேரம். எங்கள் மூவரில் யாரும் குடிப்பதில்லை. அம்மாவிடம் திராட்சைச் சாறு ஒரு பாட்டில் விற்கப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மட்டும் ஒரு லாபம்: அந்தக் குகைகள் தூஃபோ என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்த இடங்கள், லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள் பலவும் எழுந்தது அந்தக் கல்லால்தான். சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்கு அவர் நிம்மதியாகப் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

அடுத்தது ஷெனொன்சோ. வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர், “ஐம்பது நிமிஷம், உள்ளே போவதென்றால் டிக்கெட் உங்கள் செலவு” என்றார். விளம்பரத்தில் ‘பார்வையிடல்’ என்று இருந்தது. பார்வை என்றால் வெளியிலிருந்து பார்ப்பதாம். ஆனால் ஷெனொன்சோவை வாசலில் நின்று பார்க்கவே முடியாது. டிக்கெட் வாங்கி, மரங்கள் வரிசையாக நிற்கும் நீண்ட பாதையில் நடந்தால்தான் அரண்மனை கண்ணில் படும். வாங்கினோம். வரிசையும் நடையும் போக உள்ளே கிடைத்தது கால் மணி நேரம். ஷேர் ஆற்றின் மேல் பாலம்போல் நிற்கும் அறுபது மீட்டர் நீளக் கூடம் முதல் உலகப் போரில் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் போரில் அந்த ஆறுதான் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மற்றதற்கும் எல்லை. கூடத்தின் தென்கோடிக் கதவைத் தாண்டினால் மறுபக்கம். அப்பா அந்தக் கதவை நோக்கிப் பாதி தூரம் போனார். அதற்குள் ஓட்டுநரின் போன்.

அம்புவாஸில் மதியச் சாப்பாடு, கோட்டையைக் கீழே தெருவிலிருந்து பார்த்ததோடு சரி.

ஷாம்போர் வாகன நிறுத்தத்தில் இறங்கியபோது மணி ஐந்து முப்பத்தைந்து. அரண்மனை மூடுவது ஆறு மணிக்கு, கடைசி நுழைவு அதற்கு அரை மணி முன்பே. ஜூன் மாத வெயில் கோபுரங்கள் மேல் பளிச்சென்று அடிக்கிறது, கதவு மட்டும் நமக்கு இல்லை. நுழைவு உட்பட என்றீர்களே என்று கேட்டேன். ஓட்டுநர் தன் போனில் அந்த வரியைக் காட்டினார்: ‘ஷாம்போர் வளாகத்துக்கு நுழைவு உட்பட.’

இதுதான் தந்திரம். ஷாம்போரின் வளாகம் 5,440 ஹெக்டேர் காடு, சுற்றி 32 கிலோமீட்டர் மதில். அந்த வளாகத்துக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. டிக்கெட் அரண்மனைக் கட்டடத்துக்குத்தான். இலவசமாகக் கிடைப்பதை ‘உட்பட’ என்று எழுதி நம்மிடம் விற்றிருக்கிறார்கள். அப்பா என்னைப் பார்த்து, “நீ பிரெஞ்சு படிச்சவன்தானே?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு செய்ததை நான் முன்பே செய்திருக்க வேண்டும். பிரான்ஸில் சுற்றுலாத் தொகுப்பு விற்பவர்கள் அத்து பிரான்ஸ் என்ற அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண் ‘ஐ எம்’ என்ற எழுத்துகளில் தொடங்கும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். இவர்களுடைய தளத்தின் அடியில் ஓர் எண் இருந்தது. பதிவேட்டில் அந்த எண் இல்லை. இன்னொன்று, ‘வழிகாட்டியுடன்’ என்று போட்டிருந்தார்கள். நினைவுச் சின்னங்களுக்குள் சுற்றுலா நிறுவனம் அழைத்துப்போய் விளக்க வேண்டுமென்றால் அதற்கான தொழில் அட்டை உள்ள வழிகாட்டி வேண்டும். எங்களுக்கு வந்தவர் ஓட்டுநர் மட்டுமே. நல்ல மனிதர்தான், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த பயணத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்று பதில். அடுத்த பயணமாம்! ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன், மௌனம். அரசின் சிக்னால் கோன்சோ தளத்தில் புகார் போட்டேன். கார்டில் கட்டியதால் வங்கியிலும் பணத்தைத் திருப்பக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் விளம்பரத்தையும் நிகழ்ச்சி நிரலையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுத்த மறுநாளே அவர்கள் தளத்தில் ‘வளாகம்’ என்ற சொல் தடித்த எழுத்தாகிவிட்டது.

ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது லீவு போட்டு அப்பா அம்மாவை நானே ஷாம்போருக்குக் கூட்டிப்போனேன். பாரீஸ் ஓஸ்டர்லிட்ஸிலிருந்து புளுவாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பேருந்து. சீசன் இல்லாத நாட்களில் பேருந்து குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். ஷெனொன்சோ இதைவிடச் சுலபம். தூர் நகரத்திலிருந்து வரும் உள்ளூர் ரயில் நிற்கும் நிலையம் அரண்மனை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூவருக்கும் ரயில், பேருந்து, டிக்கெட் எல்லாம் சேர்த்தும் அந்த 435-இன் பக்கத்தில்கூட வரவில்லை.

படிக்கட்டில் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் ஏறினார்கள். பாதியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, திறப்பு வழியாக, “மெதுவா போங்க” என்று அவர் சொன்னது மேலே நின்ற எனக்குக் கேட்டது. அப்பா மூன்று முறை ஏறி இறங்கினார், முழங்கால் வலியோடு.

வங்கியிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.