ஏற்காடு மலையில் ஃபோர் வீல் பிக்கப்: எதை எப்போது ஆஃப் செய்கிறேன்

சேலத்துக்கும் நாகலூர் பக்கத்து காபி எஸ்டேட்டுக்கும் நடுவில் சில வருடங்களாக ஃபோர் வீல் பிக்கப் ஓட்டுகிறேன். மைலேஜ், சீட், ஏசி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது வேறு. டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ என்று திருப்புகிற குமிழ் எதற்கு? வழுக்குகிற கார் படம் போட்ட ஆஃப் பட்டன் எதற்கு?

எஞ்சினின் இழுவை இரண்டு சக்கரத்துக்கா, நாலுக்குமா என்பது குமிழின் வேலை. டூ ஹை இரண்டுக்கு, ஃபோர் ஹை நாலுக்கும்; ஃபோர் லோ நாலுக்கும்தான், ஆனால் மெதுவாக, அதிக பலத்தோடு. பட்டனுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றினால் எஞ்சினின் சக்தியைக் குறைத்து, அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிப்பது டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஸ்டீயரிங்கை நாம் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்புகிறதா என்று பார்ப்பது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். வால் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். மூக்கு வளைவை விட்டு விலகினால் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். 1995-ல் மெர்சிடஸ் காரில் வந்த நுட்பம் இன்று பிக்கப்பிலும் இருக்கிறது. முதலாவது நகர்வதற்கு, இரண்டாவது உயிருக்கு.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். "மழைன்னா ஃபோர் வீல் போட்டுக்கங்கண்ணா, புடிச்சு நிக்கும்" என்பார்கள். நம் ஊர் பிக்கப்புகளில் இருப்பது பெரும்பாலும் பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது வேண்டியபோது மட்டும் போடுவது. இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பான டிஃப்பரன்ஷியல் இதில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் கிடையாது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் முடியாது. ஸ்டீயரிங் இறுகும், டயர் தத்தும், கியர் பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். அதனால் நனைந்த காட் ரோட்டில் எனக்கு டூ ஹைதான், பட்டனைத் தொடுவதே இல்லை. லோடு இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. சில்வர் ஓக் இலை ஒட்டிக் கிடக்கும் வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். சிமிட்டினால் வேலை செய்கிறது என்று அர்த்தம், காலை மெதுவாக எடுத்தால் போதும். அணையாமல் எரிந்தால் ஆஃப்பில் இருக்கிறது, அல்லது கோளாறு.

எஸ்டேட் கேட்டைத் தாண்டினால் கதை மாறும். வடகிழக்கு மழை ஓய்வதற்குள் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும்; செம்மண் ரோடு களியாகக் கிடக்கும், மூட்டையும் இறங்கியாக வேண்டும். இங்கே ஃபோர் ஹை. பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆனிலேயே வைத்திருங்கள். சாதாரண டிஃப்பரன்ஷியல் சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே விட்டுக்கொடுக்கும். அதற்கு பிரேக் விழுந்தால்தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு இழுவை போகும். அப்போது கீழே கடகடவென்று சத்தம் கேட்கும். கேட்டதும் பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அளவாக, ஒரே சீராக அழுத்திப் பிடித்தால் வண்டி தானே ஏறிவிடும்.

சேறு ஆழமாகி நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும் இடம் வேறு. அங்கே டயர் சுற்றித்தான் தன் பள்ளங்களுக்குள் அடைந்த மண்ணை உதற வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அடக்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அங்கேதான் ஆஃப் பட்டனை ஒருமுறை தட்டுவேன். என் வண்டியில் ஒரு தட்டு டிராக்‌ஷனை மட்டும் நிறுத்தும். நின்றபடி அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலிட்டியும் போகும். ஃபோர் லோவுக்குப் போனால் ஸ்டெபிலிட்டி தானாகவே விலகிக்கொள்ளும். இது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்.

பின்சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டுகிற பின் டிஃப் லாக் இருந்தால், நேராகப் போகும்போது மட்டும், நடை வேகத்தில் போடுங்கள். செங்குத்து இறக்கத்தில் தானே பிரேக் பிடித்து மெதுவாக இறக்கும் ஹில் டிசென்ட் இருந்தாலும் எனக்கு ஃபோர் லோ முதல் கியர்தான் பிடிக்கும், பிரேக் சூடாகாது.

திரும்பத் தார் ரோட்டில் ஏறும் முன் குமிழ் டூ ஹைக்கு வர வேண்டும், ஆஃப் விளக்கு அணைந்திருக்க வேண்டும். டிரைவரிடம் வண்டியைக் கொடுக்கும்போதும் இந்த இரண்டையும் நான் வாய்விட்டுச் சொல்லியே கொடுக்கிறேன். டயர் மாற்றினால் நாலையும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் வையுங்கள். சக்கர வேகத்தை வைத்துத்தான் இத்தனை கணக்கும் நடக்கிறது.