பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்த நீதிமன்றத்தின் கதவு திறக்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்துப் பழைய லயத்தில் குடியிருக்கும் ஓர் அக்காவின் மகனுக்கு 16 வயது. பிறப்புப் பத்திரம் இல்லை. மனு எழுதிக்கொடுக்க நான் உடன் போகிறேன். "இங்கே முடியாவிட்டால் மேலே எங்கே தம்பி போவது?" என்று ஒருநாள் கேட்டார்.

நம் நாட்டு நீதிமன்றங்களுக்கு மேலே நமக்கு வேறு நீதிமன்றம் இல்லை. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கு 2009 முதல் மனித உரிமை ஆணையம் உண்டு. வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் இல்லை. ஐரோப்பா, அமெரிக்கக் கண்டம், ஆப்பிரிக்கா மூன்றிலும் அப்படி ஒரு மனித உரிமை நீதிமன்றம் உண்டு. உள்நாட்டில் எல்லாப் படியும் ஏறிய பிறகுதான் வரவேண்டும் என்பது மூன்றுக்கும் பொது விதி.

அந்த அக்காவின் நிலையில் இருப்பவருக்கு இம்மூன்றில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றமே சிறந்தது என்பேன். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சேர்ந்த 46 நாடுகளின் மீதும் தனி மனிதர் நேரே வழக்குத் தொடரலாம். நாட்டின் தனிச் சம்மதம் வேண்டியதில்லை. இறுதித் தீர்ப்பு வந்த 4 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் உள்ள அமெரிக்கக் கண்ட நீதிமன்றத்துக்கு நேரே போக முடியாது. முதலில் வாஷிங்டனில் உள்ள ஆணையம். அதற்குப் பிறகும், நீதிமன்றத்தின் அதிகாரத்தை அந்த நாடு தனியாக ஏற்றிருக்க வேண்டும். ஆனால் நம் மனத்துக்கு மிக நெருக்கமான வழக்கு அங்கேதான் நடந்தது. டொமினிக்கன் குடியரசில், கரும்புத் தோட்ட வேலைக்காக ஹெய்ட்டியிலிருந்து குடியேறிய சமூகத்தின் சிறுமியர் இருவருக்கு 1997இல் பிறப்புப் பதிவு மறுக்கப்பட்டது. அரசு நீதிமன்றத்தை ஏற்றதோ 1999 மார்ச்சில். முன்பு நடந்ததை விசாரிக்க முடியாது என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் பத்திரமில்லாத நிலை அந்தத் தேதிக்குப் பின்னும் தொடர்ந்ததே! அந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டு, 2005இல் சிறுமியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஸ்லோவேனியா 1992இல் நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து நீக்கியவர்களுக்கும், அந்நாடு 1994இல்தான் உடன்படிக்கைக்குள் வந்தபோதும், ஐரோப்பிய நீதிமன்றம் இதே வழியில் 2012இல் நீதி சொன்னது.

தான்சானியாவின் அருஷாவில் உள்ள ஆப்பிரிக்க நீதிமன்றத்தின் கதவு அரசு நினைத்தால் அடைபடும். தனி மனிதர் நேரே வர, அவருடைய நாடு ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒருவரின் குடியுரிமையைத் தன்னிச்சையாகப் பறித்தது தவறு என்று தான்சானியாவுக்கு எதிராகவே 2018இல் அது தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அந்நாடு தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

அக்காவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மறுப்புக் கடிதம் ஒவ்வொன்றையும் தேதியோடு பத்திரப்படுத்தச் சொன்னேன். இதுவரை ஐந்து சேர்ந்திருக்கின்றன. வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம்.