விரலா, டேப்பா: நடவுப் பெண்களின் இடுப்பைச் சோதிக்க எது உதவும்?

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த ஆண்டுகளில், ஜூலை பிறந்ததும் மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள என் பிசியோதெரபி அறையின் பெஞ்சு நிரம்பிவிடும். இயந்திர நடவு வந்த பிறகும், குறுவை வயலிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் முதலில் கற்றது ஆஸ்டியோபதி முறை, அதாவது எலும்பையும் மூட்டையும் கையால் தொட்டுச் சோதித்துச் சரிசெய்யும் வைத்தியம். முள்ளெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரல்களை ஊன்றி, குனியச் சொல்லி, பிறகு நிமிரச் சொல்லிப் பார்ப்பது. குனியும்போது வலக் கட்டைவிரல் மேலெழுந்து, நிமிர்ந்ததும் இரண்டும் சமமானால், அந்த முள்ளெலும்பை அடுத்த முள்ளெலும்போடு இணைக்கும் வலப்பக்கச் சிறுமூட்டு விரிய மறுக்கிறது என்று பொருள். இதற்கு அடிப்படை 1918-இல் ஃபிரையெட் என்ற அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் வகுத்த விதிகள்: முதுகு இயல்பு நிலையில் இருக்கும்போது பக்கச்சாய்வும் திருகலும் எதிரெதிர்த் திசையில் போகும், குனிந்தோ பின்வளைந்தோ இருந்தால் ஒரே திசையில் போகும். கணக்கு அழகானது. முதுகுதான் அதற்குக் கட்டுப்படுவதில்லை. இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு ஒரு பக்கமாகத் திரும்புவதே ஓரிரு பாகைதான். அதைத் தடித்த தசைக்கு மேலிருந்து விரல் உணர வேண்டும். ஒரே முதுகை இருவர் தொட்டால் அடிக்கடி இரண்டு விடை வருகிறது. எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமை கூடுகிறது. விரலை நம்பி "எலும்பு விலகியிருக்கிறது" என்று யாரோ சொல்லி அனுப்பிய பெண்கள், வலியைவிட அந்தச் சொல்லுக்கே அதிகம் பயப்படுகிறார்கள்.

டேப் எளிது. பின்னிடுப்பில் தெரியும் இரு குழிகளின் மட்டத்திலிருந்து மேலே 10, கீழே 5 சென்டிமீட்டரில் கோடு. குனிந்ததும் அந்த 15 சென்டிமீட்டர் இடைவெளி 20 ஆகவாவது நீள வேண்டும். முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஷோபர் சோதனையின் திருத்திய வடிவம் இதுதான். தையற்கடை டேப்பே போதும். இறுகிப்போன முதுகின் முன்னேற்றத்தை மாதாமாதம் எழுதிவைக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவருக்குக் குனிவதா கடினம்? போன வாரம் வந்த அக்காவுக்கு டேப் 21-ஐத் தாண்டியது. வலியோ கெண்டைக்கால்வரை இறங்கியிருந்தது.

அதனால் இவர்களிடம் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி பரப்பிய வழியில் இறங்குகிறேன்: ஒரே அசைவைப் பலமுறை செய்யவைத்து, வலி எங்கே நகர்கிறது என்று கேட்பது. காலிலிருந்து முதுகை நோக்கி ஏறினால் நல்ல அறிகுறி. எத்தனையாவது முள்ளெலும்பு மூட்டில் கோளாறு என்று சொல்லாது. ஆனால் எந்த அசைவு உதவும் என்று சொல்லிவிடும். சிறுநீர் வராமல் போனாலோ, கால் மரத்து இழுத்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனைதான்.

அந்த அக்கா இடுப்பில் கைகளை ஊன்றிப் பத்துமுறை பின்வளைந்தார். "கெண்டையில் இல்லை தம்பி, பிட்டத்துக்கு ஏறிவிட்டது" என்றார். கையில் பிடித்த நாற்று முடி தீரும்போதெல்லாம் நிமிர்ந்து அப்படியே ஐந்துமுறை செய்யச் சொன்னேன். வரப்பில் நிற்கும் முதலாளி முறைப்பாரே என்றுதான் அவருக்குக் கவலை.