சினிமா, சீரியல், வெப் சீரிஸ்: அக்கவுண்ட்ஸ் வேலை எங்கே எப்படி?

பி.காம் முடித்து, டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) தெரிந்து, சென்னையில் தயாரிப்பு நிறுவனங்களில் அக்கவுண்ட்ஸ் பார்க்க வருகிறவருக்கு மூன்று வாசல்கள்: சினிமா, டிவி சீரியல், ஓடிடி வெப் சீரிஸ். கேமரா, லைட், பேட்டா (தினப்படி), டீசல் எல்லாம் மூன்றிலும் ஒன்றுதான். பணம் வரும் வழி மட்டும் வேறு. அக்கவுண்டன்ட் எதைப் பார்த்து பயப்பட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சினிமாவில் பணம் பெரும்பாலும் ஃபைனான்ஸ். 5 கோடியை மாதம் 2 வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதத்துக்கு 10 லட்சம். ரிலீஸ் நான்கு மாதம் தள்ளிப்போனால் ஒரு ஷாட் கூட எடுக்காமலே 40 லட்சம் ஏறிவிடும். பட்ஜெட்டில் வட்டிக்குத் தனித் தலைப்பே போடாமல் விடுவது சின்னக் கம்பெனிகளில் அடிக்கடி நடக்கிறது. பிறகு ரிலீஸுக்கு முந்தின ராத்திரி, கடன் தீர்ந்தது என்று ஃபைனான்சியரிடம் கிளியரன்ஸ் வாங்கும் நேரத்தில், அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று தகராறு. ஒவ்வொரு கடனுக்கும் தேதிவாரியாகத் தனி லெட்ஜர் வைத்து, மாதாமாதம் ஃபைனான்சியரிடம் பேலன்ஸை எழுத்தில் உறுதி செய்து வாங்கினால் இந்தத் தகராறு வராது.

அடுத்தது ஸ்பாட் கேஷ். கேஷியர் ஸ்பாட்டில் இருப்பார், அக்கவுண்டன்ட் ஆபீஸில். தினமும் பேக்கப் ஆனதும் (ஷூட்டிங் முடிந்ததும்) மூன்று தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: அன்றைய ஷூட்டிங் ரிப்போர்ட், பேட்டா ஷீட், ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு. ரிப்போர்ட்டில் நேரத்துக்கு பேக்கப், பேட்டா ஷீட்டில் ஒன்றரை கால்ஷீட் (ஒன்றரை ஷிஃப்ட்) என்றிருந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். லொகேஷன் மாறிய பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரொக்கத்தில் இன்னொரு சிக்கல்: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் 60 பேரின் பேட்டாவை ஏஜென்ட் கையில் மொத்தமாகக் கொடுத்து, அவர் பெயரில் ஒரே வவுச்சர் போட்டால் முழுத் தொகையும் மாட்டும். ஏஜென்டுக்கு பேங்க் வழியாக அனுப்புங்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஆள் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

நடிகர்கள் சம்பளத்தை ‘நெட்’டாக, அதாவது வரிப் பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையாகப் பேசுவார்கள். 10 லட்சம் நெட் என்றால் டிடிஎஸ்ஸுக்காக (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) 1 லட்சம் சேர்த்து 11 லட்சம் என்று போடுகிறார்கள், தவறு. 10 லட்சத்தை 0.9-ஆல் வகுத்தால் 11,11,111. அதில் 10 சதவீதம் 1,11,111 பிடித்தால்தான் அவர் கைக்குச் சரியாக 10 லட்சம் போகும். 18 சதவீத ஜிஎஸ்டியும் 11,11,111-க்குத்தான், ஏறக்குறைய 2 லட்சம். ஒப்பந்தம் டைப் ஆகும் முன்பே இந்தக் கணக்கை மேனேஜரிடம் காட்டிவிடுவது நல்லது.

ரிலீஸ் தேதியிலும் அக்கவுண்டன்டுக்கு வேலை உண்டு. ஆடிட்டர்கள் 9ஏ என்று சொல்லும் வருமான வரி விதிப்படி, நிதியாண்டு முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே படம் வெளியாகியிருந்தால் தயாரிப்புச் செலவு முழுவதையும் அந்த ஆண்டே கழிக்கலாம். இல்லாவிட்டால் அந்த ஆண்டு வந்த வருமானம் வரைதான்; மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். தீபாவளிப் படம் தப்பித்துவிடும், பொங்கல் படம் மாட்டும்.

சீரியலில் வட்டிக்கு பதில் எபிசோடு கணக்குதான் எல்லாம். உதாரணத்துக்கு, ஒரு நாள் ஷூட்டிங் செலவு 2,10,000 என்றும், சேனல் எபிசோடுக்குத் தருவது 1,55,000 என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு நாளில் ஆறு எபிசோடு எடுத்தால் ஒன்றின் அடக்கம் 1,40,000, லாபம். ஐந்துதான் வந்தது என்றால் அடக்கம் 1,68,000, எபிசோடுக்கு 13,000 நஷ்டம். ஆர்ட்டிஸ்ட் தாமதம், மழை, சேனல் கேட்ட ரீஷூட் எல்லாம் இந்த ஓர் எண்ணில் தெரிந்துவிடும். இதை வாராவாரம் தயாரிப்பாளர் மேஜையில் வைப்பவர்தான் நல்ல சீரியல் அக்கவுண்டன்ட். பேட்டா அன்றன்றைக்குப் போக வேண்டும், சேனல் பணமோ பில் போட்டுக் காத்திருந்துதான் வரும். இடையில் 7-ம் தேதி டிடிஎஸ், 20-ம் தேதி ஜிஎஸ்டி. பில் போட்டாயிற்றென்றால், சேனல் பணம் வராவிட்டாலும் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். தயாரிப்பாளரே சேனலில் ஸ்லாட் (ஒளிபரப்பு நேரம்) எடுத்து விளம்பரம் விற்கிற முறையென்றால் விளம்பர ஏஜென்சிகளின் பாக்கி வசூலும் உங்கள் தலையில்.

வெப் சீரிஸில் பட்ஜெட் ஓடிடி நிறுவனத்திடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது. பணம் கட்டம் கட்டமாக வரும், அதற்கு பதிலாக காஸ்ட் ரிப்போர்ட் (ஆன செலவும் இனி ஆகப்போகும் செலவும் சேர்ந்த கணக்கு) கேட்பார்கள். சினிமாப் பழக்கத்தில் வருகிறவர் சறுக்குவது இங்கேதான்: கொடுத்த பணத்தை மட்டும் செலவாக எழுதுவார். ஆர்ட் டிபார்ட்மென்ட் பட்ஜெட் 40 லட்சம், கொடுத்தது 22, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டு இன்னும் பணம் கொடுக்காமல் இருப்பது 11, இன்னும் ஆக வேண்டியது 12 என்றால் இறுதிச் செலவு 45 லட்சம். பிஓவை விட்டுவிட்டால் 34 என்று வரும். 5 லட்சம் அதிகமாகிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 6 லட்சம் மிச்சம் என்று ரிப்போர்ட் போய்விடும். ஷூட்டிங் முடிந்தபின் உண்மை தெரிந்தால் கூடுதல் பணத்துக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாக வருகிறவருக்கு நான் சீரியலைத்தான் சொல்வேன். ஒரே சுற்று மாதாமாதம் திரும்பி வருவதால் டிடிஎஸ், ஜிஎஸ்டி, பேங்க் கணக்கை ஒத்துப்பார்ப்பது எல்லாம் கைப்பழக்கமாகிவிடும். ஒரு வருஷம் கழித்து வெப் சீரிஸுக்குப் போகலாம். எக்செல் மட்டும் நன்றாக வர வேண்டும். சினிமாவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சம்பளம் நிற்கலாம், அதைத் தாங்கும் வசதி இருக்கும்போது போங்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே பழைய டிடிஎஸ் சலான்களை எடுத்துப் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி, ரிட்டர்ன் தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய் தனி. பாக்கி எவ்வளவு என்று தேதியோடு எழுதி, தயாரிப்பாளருக்கும் ஆடிட்டருக்கும் அன்றே மெயில் போட்டுவிடுங்கள்.