வளவுக் குட்டையில் மீன் பெருகினால் மடக்குக் கூடு வாங்கலாமா?

நுளம்புப் புழுவைத் தின்ன விட்ட கப்பி மீன் சில மாதங்களில் மேல் தண்ணீர் முழுவதும் மொய்க்கும். கறிக்கென்று விட்ட திலாப்பியா உள்ளங்கை அளவைத் தாண்டாமல் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை வளவுகளில் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் பழகிய தொல்லை. வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் மடக்குக் கூடு, அதாவது நடுக்கயிற்றை இழுத்தால் குடைபோல் விரியும் நைலோன் கூடு, இதற்கு எவ்வளவு உதவும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். பத்தடிக்கு எட்டடி, மூன்றடி ஆழம், அதாவது ஏறக்குறைய 6,800 லீற்றர் பிடிக்கும் குட்டைக்கு ஒரு கூடு போதும். வாங்கத் தகுந்த சாமான். ஆனால் மீனைக் குறைக்கத்தான் அது உதவும், ஒழிக்காது.

வாங்கும்போது கம்பியையோ நிறத்தையோ விட மீன் நுழையும் வாயைப் பாருங்கள். ஒவ்வொரு வாயும் உள்ளே போகப் போக ஒடுங்கி, நுனி இழுபட்டு நிற்க வேண்டும். மலிவான கூடுகளில் இந்த நுனியைப் பிடிக்கும் நூல் தளர்ந்திருக்கும். வாய் தொங்கித் திறந்து கிடக்கும், வந்த மீன் அதே வழியால் வெளியேறும். "கூட்டில் மீனே படுவதில்லை" என்று சொல்பவர்களின் கூட்டை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். எதிரெதிர் வாய்களின் நுனிகளைத் தங்கூசியால், அதாவது தூண்டில் நைலோன் நூலால், இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். பெரிய வாயாக இருந்தால் குறுக்கே ஒரு தங்கூசி கட்டி ஒடுக்குங்கள். ஆமை நுழையாமலிருக்க அது உதவும்.

வலைத் துளையான கண்ணியின் அளவு 4 முதல் 5 மில்லிமீற்றர் வரை இருந்தால் நல்லது. வளர்ந்த பெண் கப்பியும் விரலளவு திலாப்பியாவும் அதில் தங்கும். புதிதாகப் பிறந்த கப்பிக் குஞ்சு 6 முதல் 8 மில்லிமீற்றர் நீளம் இருந்தாலும் நூல்போல் மெலிந்தது, கண்ணியால் வழுகிப் போய்விடும். இந்தக் கூட்டின் பெரிய குறை இதுதான். குஞ்சுக்குக் கைவலையான அத்தாங்கின் உட்புறத்தில் நுளம்புவலை தைத்து, கரையோரப் பாசிக்கு அடியால் தள்ளி அள்ளுவதே வழி.

இரைக்கு இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு தேங்காய்ப் புண்ணாக்கு, பிசைய மட்டும் தண்ணீர். தேசிக்காய் அளவில் உருட்டி, நுளம்புவலைத் துண்டில் முடிந்து, கூட்டின் நடுவில் தொங்கவிடுங்கள். ஓரத்தில் கிடந்தால் மீன் வெளியே நின்றபடியே கண்ணியால் கொத்தித் தின்னும், உள்ளே வராது. கூடு போடுவதற்கு முந்தைய நாள் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீனுக்கு எந்த இரையும் இரையல்ல.

கப்பி மேல் தண்ணீரில் மேயும் மீன். அடியில் கூட்டைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. வாய்கள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி ஓரடி ஆழக் கரையில் வையுங்கள். அப்படிக் கரை இல்லாத குட்டையென்றால் கூட்டின் மேல்விளிம்பில் வெறும் போத்தல்களைக் கட்டி மிதக்க விடுங்கள். எப்படி வைத்தாலும் கூட்டின் உச்சி தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். தவறி நுழையும் தண்ணீர்ப்பாம்புக்கும் ஆமைக்கும் மூச்சுவிட இடம் தேவை.

காலையில் வெயில் ஏறிய பிறகு போட்டு, இருபது முப்பது நிமிடத்தில் தூக்குங்கள். அதற்கு மேல் விட்டால் இரை கரைந்துவிடும், மீன் வழி தேடத் தொடங்கும். இரவு முழுக்க விடவே கூடாது. விடியப்புறம்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகவும் குறையும், கூட்டில் நெருங்கிக் கிடக்கும் மீன் முதலில் சாகும். செத்த மீன் தண்ணீரைக் கெடுத்தால் வெளியே இருப்பதும் சேர்ந்து போகும்.

பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் கட்டுப்பாடே தங்கியிருக்கிறது. கப்பியில் ஆணைப் பிடித்து அகற்றுவது வீண் வேலை. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் உடலில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை குட்டி போடும். நிறமில்லாமல் வயிறு பருத்தவை பெண்கள், அவற்றை எடுத்துவிட்டு வால் மினுங்கும் சிறிய ஆண்களைத் திரும்ப விடுங்கள். ஆண்களும் நுளம்புப் புழுவைத் தின்னும், ஆனால் மீன் பெருகாது. கூட்டுக்குத் தப்பிய குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும் என்பதால், கிழமைக்கு ஒருமுறையாவது மூன்று மாதம் விடாமல் பிடிக்க வேண்டும். ஒரேயடியாக அள்ளிவிட்டு நிறுத்தினால் மிஞ்சியவைக்கு இடமும் தீனியும் கூடும். அவை முன்னிலும் வேகமாகப் பெருகும்.

திலாப்பியாவுக்குக் கூடு பாதி வேலைதான் செய்யும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சு அதிகம் தப்பும். நெருக்கத்தில் வளர்ச்சி குன்றினாலும் சிறிய உடம்பிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். பெரியவற்றை வீச்சுவலையாலோ தூண்டிலாலோ எடுத்துவிட்டு, பிறகு குஞ்சுக்குக் கூடு போடுங்கள். 30, 40 கிராம் வந்த மீனைப் புரட்டிப் பார்த்தால் ஆண் பெண் தெரியும்: மலவாயோடு சேர்த்து ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. ஆண்களை மட்டும் விட்டு வளர்த்தால் கறிக்கும் ஏற்ற அளவு வரும்.

கூட்டோடு சேர்த்து, குஞ்சுகளைத் தின்ன ஒரு விராலையும் விடலாம். எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஒன்றே போதும், சோடியாக விட்டால் அதுவும் பெருகும். தங்கமீன் உள்ள குட்டையில் விடாதீர்கள். மாரி மழையில் விரால் கரையேறி நழுவும் என்பதால் சுற்றிலும் இரண்டடி உயரத்துக்கு வலை கட்டுவது அவசியம்.

முழுதாக ஒழிக்க வேண்டுமென்றால் குட்டைத் தண்ணீரை வற்ற இறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுவான்கரை மணலில் மாரியில் இறைத்தால் ஊற்று மீண்டும் நிரப்பிவிடும், வறண்ட கச்சான் காற்றடிக்கும் மாதங்களே தோது. அடிச்சேறு வெடிக்கும்வரை காயவிட்டு, சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் சுண்ணாம்பு தூவுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குட்டைக்கு வாய்க்கால் தண்ணீர் விடுபவர்கள் குழாய் வாயில் நுளம்புவலை கட்டாவிட்டால் மீன் திரும்ப வந்துவிடும். பூச்சி மருந்தையோ ப்ளீச்சிங் பவுடரையோ கொட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மணல் நிலத்தில் அது நேரே பக்கத்துக் கிணற்றுக்குப் போகும்.

பிடித்த மீனை வாவியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ விடக்கூடாது. கப்பியும் திலாப்பியாவும் நம் தண்ணீருக்கு வெளியிலிருந்து வந்தவை, நாட்டு மீனின் தீனியையும் இடத்தையும் பிடிக்கும். கப்பியை அவித்துத் தாராவுக்கும் கோழிக்கும் போடலாம், மிஞ்சினால் தென்னையடியில் ஓரடி ஆழத்தில் புதைக்கலாம். திலாப்பியாக் குஞ்சை மஞ்சளும் உப்பும் போட்டு மொறுமொறுப்பாகப் பொரித்தால் சோற்றுக்கு நல்ல துணை.

கூட்டின் ஆயுள் உங்கள் பராமரிப்பைப் பொறுத்தது. வாவியோரத்து உவர்த் தண்ணீரில் கம்பி துருப்பிடிக்கும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் கிடந்தால் நைலோன் உக்கிப் பொடியும். கூட்டின் சிப்பில் (zip) மணல் ஏறி இறுகினால் மெழுகுதிரியைத் தேய்த்தால் இளகும். இரை மணம் போகக் கழுவி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் எலி ஒரே இரவில் கடித்துவிடும். நண்டு கிழித்த சிறு ஓட்டையை அன்றைக்கே தங்கூசியால் தைத்துவிடுங்கள்.