எருமைச் சைக்கிளுக்கு எட்டு வருடமாகப் பணம் கட்டுகிறேன்

பத்து வருடத்துக்கு முன்னால் என்னுடைய 21 கியர் சைக்கிளை பினாங்கு பாலிக் பூலாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்தேன். பெரிய தர்மப் பிரபு என்று நினைப்பு. ஐந்தாம் மாதம் பின் கியர் வளைந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கடையில் அதற்குச் சாமான் இல்லை. அடுத்த தடவை போனபோது ஹேண்டில்வரைக்கும் பாகற்கொடி ஏறியிருந்தது.

2017இல் வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் அமைப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கியதற்கு அந்தப் பாகற்கொடிதான் காரணம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சைக்கிள் கொடுத்துத் தொடங்கியவர்கள். அப்புறம் சாம்பியா பக்கம் போனார்கள். அதே அலை நம்ம பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரையையும் அடித்ததுதானே.

இவர்கள் கொடுக்கும் வண்டியின் பெயர் பஃபலோ. பெயருக்கேற்ற உடம்பு: சுமார் 23 கிலோ, அதன் மேல் 100 கிலோ ஏற்றலாம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும், அறுந்துபோகக் கேபிளே கிடையாது. சாம்பியாவில் மாடு வைத்திருப்பவர்கள் வெயில் ஏறுமுன் பாலைக் குளிரூட்டும் நிலையத்தில் சேர்த்தாக வேண்டும். டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எவ்வளவு கொண்டுபோக முடியும், போய்ச் சேருவதற்குள் திரிந்தும் போகலாம்.

இவர்கள் சைக்கிளை விற்கவும் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது முதலில் உறுத்தியது. தர்மம் என்று சொல்லிவிட்டு வியாபாரமா? பிறகுதான் புரிந்தது, வாங்க ஆள் இருந்தால்தான் ஊர்க் கடையில் டியூபும் செயினும் கிடைக்கும். உள்ளூர் ஆட்களுக்கே ரிப்பேர் வேலையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாலிக் பூலாவில் நான் கோட்டைவிட்டது இதைத்தான்.

தொல்லை எல்லாம் என் பக்கம். டாலரில் போவதால் மாதத்துக்கு மாதம் வெள்ளிக்கணக்கு (ரிங்கிட்) மாறும், வங்கி வேறு தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை கார்டு காலாவதியானதைக் கவனிக்காமல் நாலு மாதம் பணமே போகவில்லை. இப்போது வருடத்துக்கு ஒரே தடவை, தீபாவளி போனஸ் வந்ததும் கட்டிவிடுகிறேன்.

அப்பா பிறை ஊரில் சைக்கிளில் பால் ஊற்றியவர். போனில் பஃபலோ படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேரியரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம டின்னு ரெண்டு தாங்கும்டா" என்றார்.