தி.நகரில் மூன்று நாள்: அம்மாவை எங்கே இறக்கி விடுவது?

தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அமெரிக்காவில் நான் இருக்கிற எடிசனிலிருந்து ஐந்து வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். முகூர்த்தப் பட்டு, வரிசைப் பாத்திரம், மீதிச் சாமான் என்று மூன்று தடவை தி.நகர் போக வேண்டியிருந்தது. மூன்று தடவையும் அம்மா கூட வந்தார். அவருக்கு 78 வயது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. கடைகளையும் விலையையும் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். வண்டி எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, அதிலிருந்து இறங்கிய வயதானவர் எப்படிக் கடை வாசலுக்குப் போய்ச் சேர்கிறார் என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் இது.

முதல் நாள் பட்டு எடுக்க. மேற்கு மாம்பலத்திலிருந்து துரைசாமி சுரங்கப்பாதை வழியாகத்தான் போனோம். தூரம் ஒன்றும் இல்லை. கடைக்கு நூறடி முன்னால் வண்டி நின்றது, நின்றதுதான். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெரிய ஜவுளிக்கடை, கீழே பேஸ்மென்ட் பார்க்கிங். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு சரிவுப்பாதை. கீழிருந்து ஒரு வண்டி ஏறி வந்தால், மேலே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். அந்தப் பாதையின் வாய் கடை வாசலை ஒட்டியே இருக்கிறது. இரண்டு கையிலும் கட்டைப் பையோடு வெளியே வருகிற ஒவ்வொருவரும் இறங்குகிற காருக்குக் குறுக்கே நடந்துதான் தெருவுக்கு வர முடியும்.

இதை விடப் பெரிய சிக்கல் டோக்கன் மேசை. அதைச் சரிவின் மேல் விளிம்பிலேயே போட்டிருந்தார்கள். வண்டி நம்பரைக் கையால் எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுக்க ஒரு காருக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அந்த நேரம் முழுக்க அடுத்த கார் தெருவில் நிற்கிறது, அதன் பின்னால் மாநகரப் பேருந்து நிற்கிறது. கீழே போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு இடம் காலியாக இருந்தது! இடப் பற்றாக்குறை என்று நாம் நினைக்கிற நெரிசலில் பாதி, உண்மையில் மேசை போட்ட இடத்தால் வருகிறது.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், அம்மாவ இங்கேயே இறக்கிடுங்க, நான் வண்டிய போட்டுட்டு வர்றேன்" என்றார். இங்கே என்றால் நடுத்தெரு. இடது பக்கம் டூ வீலர்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. சரி, கீழேயே போய் இறங்கலாம் என்று உட்கார்ந்திருந்தோம். அங்கே போனால் லிஃப்டுக்கு முன்னால் ஆறு படி. கைப்பிடி கிடையாது. அம்மா தடியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் என் தோளைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று நின்று ஏறினார். நாலாவது படியில் மூச்சு வாங்கியது. "விடுடா, மெதுவாப் போயிடலாம்" என்றார். லிஃப்ட் வைக்க லட்சக்கணக்கில் செலவு செய்தவர்கள், அந்த ஆறு படிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்திருக்கலாம்.

வெளியே வரும்போது டோக்கனில் சீல் வாங்க பில்லைக் காட்ட வேண்டும். பில் எந்தப் பையில் இருக்கிறது என்று ஒருவர் தேட, அவருக்குப் பின்னால் எட்டு வண்டி சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றது. டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் காலையிலிருந்து அதே புகையில் நிற்கிறார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நானும் சொல்லிட்டேன் சார். மேசைய உள்ள தள்ளிப் போட்டா நாலு வண்டி உள்ளயே நிக்கும், தெரு அடைக்காது" என்றார். எந்த நிபுணரைக் கூப்பிட்டாலும் முதலில் சொல்லப் போவது இதைத்தான். அவர் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தி.நகர் கடைகளுக்காகப் போட்ட ஊர் இல்லை. 1920-களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில், பனகல் பூங்காவை நடுவில் வைத்துக் குடியிருப்புக்காகத் தெரு பிரித்தார்கள். வீட்டு மனைகளில் ஏழு மாடிக் கடை எழும்பினால் தெரு திணறத்தான் செய்யும். அதை ஒரேயடியாக மாற்ற முடியாது, புரிகிறது. ஆனால் கைப்பிடியும் மேசையும் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாம் நாள் பாத்திரத்துக்கு ரங்கநாதன் தெரு. வண்டியே வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைமேம்பாலம் 570 மீட்டர் நீளம். லிஃப்ட் இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. கீழே தெரு பிதுங்கி வழிய, மேலே அம்மா நிதானமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாமான் கனமாக இல்லாவிட்டால் இதுதான் நல்ல வழி. தெற்கு உஸ்மான் சாலையில் 2025 செப்டம்பரில் திறந்த இரும்பு மேம்பாலத்தால், சி.ஐ.டி. நகர் பக்கம் போகிற வண்டிகள் கீழே கடைத்தெருவில் சிக்குவதில்லை. அதுவும் ஒரு ஆறுதல்.

மூன்றாம் நாள் பாண்டி பஜார். 2019 நவம்பரில் திறந்த அந்த அகல நடைபாதையை நான் அதுவரை பார்த்ததில்லை. தணிகாசலம் சாலை முனையில் மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. இருநூறுக்கு மேல் கார், ஐந்நூறுக்கு மேல் டூ வீலர் நிறுத்தலாம். வண்டியை அங்கே விட்டுவிட்டு நடந்தோம். கடைக்குக் கடை தனித்தனிப் பள்ளம் தோண்டி பார்க்கிங் வைப்பதை விட, தெருக்கோடியில் பொதுவாக ஒன்று வைத்து, அங்கிருந்து ஒழுங்காக நடக்க விடுவது எவ்வளவோ மேல். கார்கள் நடப்பவரைக் குறுக்கிடுகிற இடங்கள் அவ்வளவு குறைந்துவிடுகின்றன.

அம்மா அங்கே என் தோளைப் பிடிக்கவில்லை. தடியை ஊன்றி, கடைகளைப் பார்த்துக்கொண்டே தானாக நடந்தார். ஓரிடத்தில் இருக்கை கண்டதும் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் இதே இடத்தில் நடைபாதைக் கடையில் எனக்கு ஸ்கூல் பை வாங்கிய கதையைச் சொன்னார். எடிசனில் ஓக் ட்ரீ ரோடு போனால் கடைக்கு முன்னாலேயே கார் நிறுத்தலாம், முடியாதவர்களுக்கு வாசல் பக்கமே தனி இடம் உண்டு. ஆனால் பக்கத்து வளாகத்துக்கு மளிகை வாங்கப் போக மறுபடி காரை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அம்மா அங்கே வந்திருந்த ஆறு மாதத்தில் கடைத்தெருவில் இப்படி ஒரு நடை நடந்ததில்லை.

குறையும் இருக்கிறது. சிக்னலில் பொறுமை இல்லாத டூ வீலர்கள் நடைபாதையில் ஏறிவிடுகின்றன. ஒன்று அம்மாவின் தடியை உரசிக்கொண்டு போனது. தடுப்புக் கம்பம் உடைந்த இடங்களில்தான் ஏறுகிறார்கள், அவற்றை உடனுக்குடன் நட வேண்டும்.

பெற்றோரோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடை திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள், பதினொன்றரைக்குள் வேலையை முடித்துவிடலாம். பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் தணிகாசலம் சாலை வழியாகவே வாருங்கள். பேஸ்மென்ட் உள்ள கடை என்றால், முன்னாலேயே போன் போட்டு, லிஃப்ட் கீழ்த்தளம் வரை வருகிறதா, வழியில் படி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த ஜவுளிக்கடை மேலாளருக்கு ஆறு படியின் படத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். டோக்கன் பெரியவர் சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறேன். மேசை நகர்ந்ததா என்று தம்பி போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.